மணி அடித்தால் யார் எழுந்திருப்பது?

என் அக்கா மகளுக்கு எழுதுகிற உத்தியோகம். கதை, கவிதை என்று நினைத்துவிடாதீர்கள். மிக்ஸி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரிக்காமலேயே பரணில் போடுவோமே, அந்த மாதிரிப் புத்தகங்களை எழுதுகிறவள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. டெக்னிகல் ரைட்டர் என்று விசிட்டிங் கார்டு.

"நீங்களும் நானும் ஒரே கேஸ்தான் மாமா. ரெண்டு பேர் எழுதறதையும் யாரும் படிக்கறதில்லை" என்பாள்.

சமீபத்தில் அவளுக்கு ஒரு வாசகர் கிடைத்திருக்கிறார். ஒரு வரி விடாமல் படிப்பவர். படித்தபடியே நடப்பவர். கமா தப்பினால்கூட அர்த்தம் மாற்றிக்கொள்பவர். பொறாமையாக இருந்தது. யாரம்மா அந்தப் புண்ணியவான் என்று கேட்டேன்.

"ஆள் இல்லை மாமா. ஏ.ஐ."

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவள் விளக்கியதை, பி.காம். படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியில்தான் கண்ணாடி. உள்ளே, கீழ்த்தளத்திலும் மொட்டை மாடியிலும் ஒரு சின்னத் தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், அந்தத் தண்ணீரை மேலே தள்ளும் பம்ப், மாடிக்கு மாடி குளிர்காற்று ஊதும் பெரிய பெட்டிகள், ஜெனரேட்டர், லிஃப்ட், சம்ப். இத்தனைக்கும் சென்சார் வைத்து, ஒரு அறையில் கம்ப்யூட்டர் திரையில் கொண்டுவந்து காட்டுகிற ஏற்பாட்டுக்கு பி.எம்.எஸ். என்று பெயர். பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம். வெவ்வேறு கம்பெனி இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள பேக்நெட் என்று ஒரு பொது பாஷைகூட உண்டு. 1995-ல் அமெரிக்காவில் அதைத் தரமாக அறிவித்தார்கள். எங்கேயாவது ஒன்று அளவு மீறினால் திரையில் அலாரம் வரும். அந்த அறையில் நைட் ஷிஃப்டில் ஒரு டிப்ளமோ படித்த பையன் உட்கார்ந்திருப்பான். பார்ப்பான், ஆளை அனுப்புவான், ரிஜிஸ்டரில் எழுதுவான்.

இப்போது அந்தப் பையன் இருக்கும் நாற்காலியில் பாதியை ஏ.ஐ. ஏஜென்ட் கேட்கிறது. ஏஜென்ட் என்றால் எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி இல்லை. சாட்டிங்கில் கேட்டதற்கு பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே ஏ.ஐ.க்குக் கையும் காலும் வைத்தது மாதிரி. ஒவ்வொரு கைக்கும் டூல் என்று பெயர். சில்லர் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று பார்க்க ஒரு டூல், பம்பை நிறுத்த ஒரு டூல், அலாரம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தர ஒரு டூல். இந்த மாதிரிக் கைகளை மாட்டிவிடுவதற்கு ஒரு பொது முறையை 2024 நவம்பரில் ஆன்த்ரோபிக் என்ற கம்பெனி வெளியிட்ட பிறகு, ஆளாளுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், எந்தக் கையை எப்போது நீட்டுவது என்பதை அந்த ஏ.ஐ. எப்படித் தெரிந்துகொள்கிறது தெரியுமா? ஒவ்வொரு டூலின் மேலும் ஒரு குறிப்பு எழுதி ஒட்டியிருப்பார்கள். இது இன்னது செய்யும், இன்ன விவரம் கொடு, இன்னது திரும்ப வரும் என்று நாலைந்து வரி. அதைப் படித்துத்தான் நடக்கிறது. அந்த நாலைந்து வரியை எழுதுவதுதான் என் அக்கா மகளின் வேலை. அலாரம் பட்டியல் போடும் டூலுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று வரி எழுதி முடித்து, நாலாவதில் நின்றுவிட்டாள். மூன்று நாளாக.

"மாமா, ஒரு கேள்வி. லிஸ்ட் காலியா வந்தா என்ன அர்த்தம்?"

"அலாரம் எதுவும் இல்லைன்னு அர்த்தம். எல்லாம் நல்லபடியா ஓடுது."

"அதுதான் இல்லை. நிஜமாவே எதுவும் இல்லாமலும் இருக்கலாம். பேஸ்மென்ட்ல இருக்கற கன்ட்ரோலரோட ஒயர் அறுந்து போய், அது வாயே திறக்க முடியாம இருந்தாலும் காலியாதான் வரும். ரெண்டுக்கும் ஒரே காலி."

எனக்கு வத்தக்குழம்பு மயக்கம் தெளிந்துவிட்டது.

வீட்டில் குழந்தை சத்தம் போடாமல் இருந்தால், பெற்றவளுக்கு இரண்டு சந்தேகம் வரும். தூங்குகிறது, அல்லது மாவு டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா எழுந்துபோய்ப் பார்ப்பாள். மெஷின் பார்க்குமா? 'காலி என்றால் நலம்' என்று இவள் எழுதி ஒட்டிவிட்டால் பார்க்காது. 'நலம்' என்று மேலே அறிக்கை கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

1979 மார்ச் 28-ம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது இதுதான். அழுத்தம் அதிகமானால் திறந்து, குறைந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு வால்வு, திறந்தது, மூடவில்லை. கன்ட்ரோல் ரூமில் அதற்கு ஒரு விளக்கு. விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த விளக்குக்கு வால்வைப் பற்றி எதுவுமே தெரியாது. 'மூடிக்கொள்' என்று உத்தரவு போனதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உத்தரவு போனது, விளக்கு அணைந்தது, வால்வு பாட்டுக்குத் திறந்தே கிடந்தது, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறியது, உலை பாதி உருகியது.

விளக்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கலாம். 'இது உத்தரவைக் காட்டும், வால்வைக் காட்டாது' என்று. எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. இதைச் சொன்னபோது மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது.

அதே ராத்திரியின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். முதல் சில நிமிடங்களுக்குள் அந்த கன்ட்ரோல் ரூமில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. எது முக்கியம், எது அற்பம் என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. அலாரங்களை அச்சடிக்கிற பிரின்டர் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டது. விசாரணை கமிஷனுக்குத் தலைவர் ஜான் கெமனி. நம்மில் பலர் கம்ப்யூட்டர் கிளாஸில் முதன்முதலில் படித்த பேஸிக் என்ற மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். கணக்கு வாத்தியார். அவருடைய கமிஷன் ஆபரேட்டர்களைக் குறை சொன்னதோடு நிற்கவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து எவனும் ஒழுங்காக யோசிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஆக, அலாரம் அடிக்காவிட்டாலும் ஆபத்து. அதிகமாக அடித்தாலும் ஆபத்து. 1994 ஜூலை 24, இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வெடிப்பதற்கு முந்தைய கடைசி 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு முன்னால் 275 அலாரங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டரை செகண்டுகூட இல்லை. 26 பேருக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் அதோடு போயிற்று.

அதனால்தான் எல்லா ஊரிலும் எல்லாக் கட்டடத்திலும் அலாரத்தைக் குறைக்கிறார்கள். முக்கியமானது, சுமார், அற்பம் என்று தரம் பிரிக்கிறார்கள். மருமகள் எழுதும் டூலிலும் அது உண்டு. எதுவும் குறிப்பிடாமல் கேட்டால், உயர் முக்கியத்துவம் உள்ளதில், இன்னும் யாரும் 'பார்த்தேன்' என்று ஒப்புக்கொள்ளாததில், முதல் ஐம்பதைத் தரும். ஐம்பத்தொன்றாவது வேண்டுமானால் தனியே கேட்க வேண்டும். கேட்கத் தோன்றினால்.

அந்த ஐம்பதை யார் நிர்ணயித்தது?

"தெரியலை மாமா. கோடுல அப்படி இருக்கு."

கோடில் அப்படி இருக்கிறது! நான் பி.காம். படித்தபோது ஆடிட்டிங் பேப்பரில் ஒரு வழக்கு வரும். இந்தியாவில் பி.காம். படித்த அத்தனை பேருக்கும், பேலன்ஸ் ஷீட் மறந்தாலும் இது மறக்காது. கிங்ஸ்டன் காட்டன் மில், 1896. மில் மேனேஜர் வருஷக்கணக்காக சரக்கு இருப்பை ஏற்றி எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆடிட்டர்கள் கிடங்குக்குள் எட்டிப் பார்க்காமல், அவர் கொடுத்த சர்டிஃபிகேட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி கவிழ்ந்தது. கோர்ட்டில் நீதிபதி லோப்ஸ் ஆடிட்டர்கள் மேல் தப்பில்லை என்றார். ஆடிட்டர் காவல் நாய்தானே தவிர மோப்ப நாய் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பரிட்சையில் இந்த நாய் வாக்கியத்தை எழுதினால் ரெண்டு மார்க் நிச்சயம். நானும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

நாற்பது தாண்டிய பிறகு எனக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு சங்கடம். காவல் நாய் சத்தம் கேட்டால் குரைக்கும், சரி. எந்தச் சத்தத்துக்குக் குரைக்க வேண்டாம் என்று அதைப் பழக்கினது யார்? மேனேஜர் வரும்போது குரைக்காதே என்று பழக்கியிருந்தால்?

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டு மேலே எழுதினால் நன்றாக இருக்காது.

எங்கள் அபார்ட்மென்ட் நாலு மாடி. ஒரே லிஃப்ட். லிஃப்டுக்குள் மஞ்சள் கலரில் ஒரு பட்டன், மணி படம் போட்டது. அழுத்தினால் கீழே வாட்ச்மேன் ரூமில் அடிக்கும். 2017 கோடை லீவில் பசங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஏறும்போது ஒரு அடி, இறங்கும்போது ஒரு அடி. வாட்ச்மேன் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபது வயது. முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்தார். இரண்டாவது வாரம் நடந்து வந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை. கீழ்த்தளத்து வீட்டில் கைக்குழந்தை. மத்தியானம் தூங்கவிடாமல் அடிக்கிறது என்று புகார். அசோசியேஷன் மீட்டிங் போட்டோம். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் மணியின் ஒயரைக் கழற்றி வைப்பது என்று தீர்மானம். கையைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். சொல்லப்போனால், 'பட்டனை எடுக்க வேண்டாம், ஒயரை மட்டும் கழற்றினால் போதும், பசங்களுக்கும் தெரியாது' என்று யோசனை சொன்னதே நான்தான். புத்திசாலித்தனமான யோசனை என்று பாராட்டினார்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஒயரை மாட்டுவது யார் வேலை என்று தீர்மானத்தில் எழுதவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை கரன்ட் போயிற்று. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து கீரை வாங்க இறங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நடுவில் மாட்டிக்கொண்டார். எழுபத்தைந்து வயதிருக்கும். கீரைக்காரியைப் பார்க்க செல்ஃபோன் எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். நாற்பது நிமிடம். இஸ்திரி போடுகிறவர் துணி மூட்டையோடு படியேறும்போது உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

கதவைத் திறந்தபோது நானும் அங்கே நின்றேன். பாட்டி அழவில்லை, திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பெல்லை அடிச்சேம்ப்பா. ரொம்ப நேரம் அடிச்சிண்டே இருந்தேன். எல்லாரும் அசந்து தூங்கறேளாக்கும்னு நினைச்சேன்."

அடிக்காத மணியை நாற்பது நிமிடம் அழுத்தியிருக்கிறார். அது அடிக்கிறது, யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு. பட்டனையே பிடுங்கியிருந்தால்கூட, மணி இல்லை என்று தெரிந்து முதல் நிமிடத்திலிருந்து கதவைத் தட்டியிருப்பார், கத்தியிருப்பார். பட்டனை விட்டு ஒயரைக் கழற்றியதுதான் எங்கள் சாதனை. அதற்குப் பிறகு அவர் லிஃப்டில் ஏறவே இல்லை. முழங்கால் வலியோடு மூன்று மாடி. அடுத்த வருஷம் கோயமுத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று இருக்கிறது. ஏகமனதாக என்றால் எல்லாருடைய மனசும். எல்லாருடையதும் என்றால் யாருடையதும் இல்லை.

மருமகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ சைரனை நிறுத்தினவங்களும் கெட்டவங்க இல்லையா மாமா?"

போபாலைச் சொல்கிறாள். 1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு நடுவில் வந்த அந்த ராத்திரி. தொழிற்சாலையில் ஊருக்காக ஒரு சைரன் இருந்தது. விஷவாயு கசிந்தபோது அதைப் போட்டார்கள். சில நிமிடத்தில் நிறுத்தியும்விட்டார்கள். மறுபடி அது தொடர்ந்து ஊளையிட்டபோது வாயு குடிசைகளுக்குள் போய்விட்டது. ஏன் நிறுத்தினார்கள்? சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் அக்கம்பக்கத்து ஜனங்களை பயமுறுத்த வேண்டாம் என்று ஆலையில் ஏற்கெனவே ஒரு நடைமுறை வகுத்திருந்தார்கள். தொட்டியில் இருந்த ரசாயனத்தைக் குளிர்ச்சியாக வைக்கிற இயந்திரம் அதற்குச் சில மாதம் முன்பிருந்தே ஓடவில்லை. கசிந்த வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகிற குழாய் ரிப்பேருக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் ஃபைலில் இருந்திருக்கும். ஜனங்களை பயமுறுத்த வேண்டாம். கைக்குழந்தை தூங்கட்டும்.

எங்கள் லிஃப்டையும் போபாலையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். எடை வேறு. யோசனை ஒன்றுதான்.

'புலி வருது' கதையில் நாம் எப்போதும் பையனைத்தான் திட்டுகிறோம். பொய் சொன்னான், அனுபவித்தான். எனக்கு ஊர்க்காரர்கள் மேலும் ஒரு கேள்வி உண்டு. ஆடு யாருடையது? ஊராருடையது. மூன்றாவது தடவை ஒரே ஒரு ஆள் எழுந்து போயிருந்தால் மந்தை பிழைத்திருக்கும். பொய்க்கூப்பாடு என்று தீர்மானிக்கிற உரிமை அவர்களுக்கு உண்டு, சரி. அந்தத் தீர்மானம் தப்பானால் நஷ்டம் யாருக்கு என்று யோசிக்காமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டதுதான் எனக்கு உதைக்கிறது.

இந்த இடத்தில்தான் ஏ.ஐ.க்கு ஆதரவான கட்சி பலமாகிறது. மருமகளின் மேனேஜர் சொல்கிறாராம்: "அலாரம் கேட்டுக் கேட்டு மரத்துப்போறது மனுஷனுக்குத்தான். மெஷினுக்கு ஏது போர்வை?"

நியாயமான பேச்சு. வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு மூன்றாவது வாரம் கால் வலித்தது. இதற்குக் கால் இல்லை. ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குப் பக்கத்தில் கீக் கீக் என்று கத்துகிற கருவிகளைப் பற்றி 2013-ல் அமெரிக்காவில் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அந்தக் கத்தல்களில் 85-லிருந்து 99 சதவிகிதம் வரை, யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாதவை. நர்ஸ்கள் காது மரத்துப் போகாமல் என்ன செய்யும்? மூன்றரை வருஷத்தில் அவர்களுக்கு வந்த அலாரம் சம்பந்தமான 98 புகார்களில் 80 மரணங்கள். நர்ஸ்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. களைத்தவர்கள். களைக்காத ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கத்தலில் எது நிஜம் என்று சலித்துக் கொடுத்தால் நல்லதுதானே? கட்டடத்திலும் அப்படித்தான். ஒரு செகண்ட் கரன்ட் தடுமாறினால் எல்லா மாடியிலும் மோட்டார்கள் நின்று நூற்றுக்கணக்கில் அலாரம் வரும். அத்தனைக்கும் வேர் ஒன்றே என்று கண்டுபிடித்துச் சொல்ல, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பையனைவிட மெஷின் தேவலை.

களைப்பே கிடையாது என்பதை மட்டும் நான் முழுசாக ஏற்கவில்லை. மருமகள்தான் சொன்னாள், நீளமான பட்டியலைக் கொடுத்தால் அதுவும் நடுவில் இருப்பதைக் கோட்டை விடும் என்று. அதனால்தான் ஐம்பது ஐம்பதாகத் தருகிறார்களாம். தூங்கி வழியாது. ஆனால் தாளின் நடுப்பகுதியைத் தாண்டிப் போகும், நான் பேங்க் பாலிசி படிக்கிற மாதிரி.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த 'பார்த்தேன்' என்கிற பட்டன்.

எல்லா பி.எம்.எஸ்.ஸிலும் அது உண்டு. அலாரம் வந்தால் ஆபரேட்டர் அதை அழுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். அக்னாலெட்ஜ் என்பார்கள். பழுது சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. 'என் கவனத்துக்கு வந்தது' என்று மட்டும் அர்த்தம். இதில் ஒரு ரகம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது: வந்தது, தானாகவே சரியாகிப் போனது, ஆனால் யாரும் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர்க் குழாய் சூடாகி, நாலு மணிக்கு ஆறிப்போயிருக்கும். இருந்தாலும் அது அங்கேயே நிற்கும், யாராவது ஒருத்தர் தன்னைப் பார்க்கிற வரைக்கும். இதை வடிவமைத்தவர்கள் இன்ஜினீயர்கள்தான், ஞானிகள் இல்லை. ஆனாலும் பாருங்கள், வலி போய்விட்டது என்பதால் விசாரிக்க வேண்டிய கடமை போய்விடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த பட்டனை ஏ.ஐ. அழுத்தலாமா? பட்டியல் போடுகிற டூலோடு, ஒப்புக்கொள்கிற டூலும் அடுத்து வரப்போகிறதாம். ஐம்பதையும் படித்து, நாற்பத்தொன்பதை 'பார்த்தேன்' என்று அழுத்திவிட்டு, மீதி ஒன்றை மனுஷனுக்கு அனுப்பும். வேலை மிச்சம். ஆனால் அந்த நாற்பத்தொன்பதும் இனிமேல் பட்டியலில் வராது, ஏனென்றால் யாரும் ஒப்புக்கொள்ளாதவை மட்டும்தானே அதில் வரும்? நாளைக்கு அதில் ஒன்று தப்பாகப் போனால், பார்த்தது யார்? ரிஜிஸ்டரில் ஏஜென்ட் என்றிருக்கும். ஏஜென்டைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்து 'ஏம்ப்பா' என்று கேட்க முடியாது. கேட்டால் அழகாக மன்னிப்புக் கேட்கும். ராத்திரி தூக்கம் கெட்டிருக்காது.

மனுஷன் அழுத்தினால் மட்டும் என்ன கிழித்தான் என்று நீங்கள் கேட்கலாம். நான் கையைத் தூக்கினேனே, என்னை யார் கேட்டார்கள்? 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு நம்பர்கள் திருடு போனபோது, அவர்கள் வாங்கி வைத்திருந்த பாதுகாப்பு மென்பொருள் ஒழுங்காக அலாரம் கொடுத்தது. நம்ம பெங்களூரில் உட்கார்ந்திருந்த குழு அதைப் பார்த்தது, மினியாபொலிஸில் இருந்த தலைமை அலுவலகத்துக்குச் சொல்லவும் சொன்னது. அங்கே அசையவில்லை. மணி அடித்தது, மனுஷன் கேட்டான், இன்னொரு மனுஷனுக்குச் சொன்னான். திருடன் சாவகாசமாக அள்ளிக்கொண்டு போனான். ஆக, நடுவில் ஒரு மனுஷனை உட்கார வைத்துவிட்டால் பொறுப்பு வந்துவிடும் என்பதும் ஒரு நம்பிக்கைதான், எங்கள் மஞ்சள் பட்டன் மாதிரி.

திருவாரூர் மணியை நினைத்துக்கொண்டேன். மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணி. பசு வந்து அடித்தது என்பதைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெரிய புராணத்தில் அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கவனத்தை இழுக்கிறது. மணிச் சத்தம் கேட்டதும் அரசன் தானே வாசலுக்கு வருகிறான், அங்கே காவலர்கள் சொல்ல, பசுவைப் பார்க்கிறான். மந்திரிகள் பரிகாரம் சொல்கிறார்கள். அவன் கேட்கவில்லை. மகன் மேல் தேரை ஓட்டும்படி ஒரு மந்திரிக்குக் கட்டளையிடுகிறான். அந்த மந்திரியால் முடியவில்லை, தன் உயிரை விட்டுவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அரசன் தானே தேரேறுகிறான். எனக்கென்னவோ அந்த மந்திரியின் நினைப்பாகவே இருக்கிறது. செய்ய வேண்டியவன் செய்யாமல் அடுத்தவனிடம் ஒப்படைத்ததில் அநியாயமாக ஒரு உயிர் போயிற்று. மணியைக் கேட்கும் வேலையைக் காவலனிடம் கொடுக்கலாம். அதற்கு பதில் சொல்கிற வேலையை?

"நீங்க சொல்றதை நாலு வரிக்குள்ள எழுத முடியாது மாமா. டோக்கன் கணக்கு இருக்கு" என்றாள் மருமகள். எனக்கும் பத்திரிகையில் பக்கக் கணக்கு இருக்கிறது, வருத்தப்படாதே என்றேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து மூன்று வரி எழுதினோம். அவள் இங்கிலீஷில், நான் பக்கத்தில் இருந்து குடைச்சல்.

ஒன்று: பட்டியல் காலியாக இருந்தால், நலம் என்று எடுத்துக்கொள்ளாதே, பதில் சொல்லாத கருவிகளின் பெயர்களைத் தனியே தருகிறேன், அதையும் பார்த்துவிட்டுச் சொல். இரண்டு: நான் தருவது எல்லாம் இல்லை, முதல் ஐம்பது, மீதி எத்தனை என்று கீழே எண் இருக்கும், அதை மறைக்காமல் மனுஷரிடம் சொல். மூன்று: வாயடைக்கப்பட்ட அலாரங்கள் எத்தனை, ஒவ்வொன்றையும் யார், எந்தத் தேதியில், எதுவரை என்று சொல்லி வாயடைத்தார் என்பதையும் பெயரோடு தருகிறேன்.

மூன்றாவது வரி என் வரி. அதை எழுதும்போது 2017-ன் மினிட்ஸ் புத்தகத்தை நினைத்துக்கொண்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை போன் வந்தது. மேனேஜர் முதல் வரிக்கு சபாஷ் சொல்லிவிட்டாராம், அதற்காக டூலையே கொஞ்சம் மாற்றி எழுதச் சொல்லிவிட்டாராம். இரண்டாவது வரியைச் சுருக்கிவிட்டார். மூன்றாவது வரியை எடுத்துவிட்டார். பெயர் போடுவது கஸ்டமருக்குப் பிடிக்காது, அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்று.

"விட்டுடறதா மாமா?"

"நீ என்ன பண்ணப் போறே?"

"மறுபடி மெயில் போட்டிருக்கேன். இந்தத் தடவை என் பேர்ல."

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து லிஃப்டில் ஏறினேன். எங்கள் லிஃப்டில் ஒயரை மாட்டி எட்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கதவு மூடியதும் என்ன தோன்றியதோ, மஞ்சள் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். கீழே கணீரென்று அடித்தது. நிம்மதியாக இருந்தது. இரண்டாவது மாடியில் இறங்கி, பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் சத்தம். வாட்ச்மேன் அண்ணாச்சி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என்ன சார், யாரும் மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்லை அண்ணாச்சி. சும்மா, வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த தரம் பார்க்கிறதா இருந்தா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.